ஃபெம்டோ வினாடி லேசரால் எஃகில் நானோ வரிகள்: முதல் மாதிரியைச் செய்வது எப்படி?

மெருகேற்றிய எஃகின் மேல் ஃபெம்டோ வினாடி (ஒரு வினாடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) அளவில் ஒளியை விட்டுவிட்டு உமிழும் லேசர் பட்டால், அலைநீளத்தைவிடச் சற்றே குறைந்த இடைவெளியில் நுண்வரிகள் தாமாகவே எழும். அவற்றை நாம் ஒவ்வொன்றாக வரைவதில்லை. விழும் ஒளியும், அது சிதறிப் பரப்போடு ஓடும் அலையும் குறுக்கிட்டு, ஆற்றலை வரிவரியாகப் பிரித்துவிடுகின்றன. 1965இல் ரூபி லேசர் பட்ட குறைக்கடத்திகளில் ஆய்வாளர் பர்ன்பாம் கண்டது இதைத்தான்.

இங்குள்ள எண்கள் 1030 நானோமீட்டர் அலைநீளம், 250 ஃபெம்டோ வினாடி நீளமுள்ள பல்ஸ் (ஒளித்துடிப்பு), 100 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஒரு லட்சம் பல்ஸ்) லேசருக்கு, 5 மி.மீ. கற்றை, 100 மி.மீ. குவிய நீள எஃப்-தீட்டா லென்ஸ் (தட்டையான பரப்பில் ஒளியைக் குவிப்பது), கால்வோ ஸ்கேனர் (சிறு கண்ணாடிகளைத் திருப்பிக் கற்றையை நகர்த்துவது). இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. 1030க்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடியும் புகை உறிஞ்சியும் இல்லாமல் லேசரைத் திறக்கவே கூடாது.

1. மாதிரி

304 வகைத் துருப்பிடிக்காத எஃகை 1 மைக்ரான் வைரப் பசை வரை மெருகேற்றுங்கள். அசிட்டோனில் 5 நிமிடம், ஐசோப்ரோப்பனாலில் 5 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுங்கள். கீறல் மிஞ்சினால் வரிகள் அதன் போக்கிலேயே வளையும்.

2. ஸ்பாட்டை அளப்பது

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஸ்பாட் என்பது லேசர் குவிந்து விழும் புள்ளி. கணக்குப்படி அதன் விட்டம் சுமார் 26 மைக்ரான். உண்மையில் அது 35 ஆக இருந்தால், ஒரு சதுர செ.மீ.க்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதனால் கணக்கை நம்பாமல் அளந்துவிடுங்கள்.

1, 1.5, 2, 3, 5 மைக்ரோஜூலில், 100 மைக்ரான் இடைவெளி விட்டு, ஒற்றைப் பல்ஸ்களைப் பதியுங்கள். மைக்ரோஸ்கோப்பில் குழிகளின் விட்டத்தை அளந்து, விட்டத்தின் வர்க்கத்தை ஆற்றலின் இயல் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். ஒரு நேர்கோடு வரும். அதன் சாய்வில் பாதி, ஸ்பாட் ஆரத்தின் வர்க்கம். கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம், குழி விழத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்.

3. வரைதல்

ஸ்பாட் 26 மைக்ரான் என்றால் 1 மைக்ரோஜூலில் தொடங்கலாம். மையத்தில் சதுர செ.மீ.க்கு சுமார் 0.37 ஜூல். வேகம் வினாடிக்கு 100 மி.மீ., கோட்டு இடைவெளி 10 மைக்ரான். ஒரு கோட்டில் ஒவ்வொரு இடத்திலும் 26 பல்ஸ் விழும். 5 மி.மீ. சதுரம் அரை நிமிடத்தில் முடியும்.

வரிகள் போலரைசேஷனுக்கு (ஒளியின் மின்புலம் அதிரும் திசைக்கு) செங்குத்தாக நிற்கும். அந்தத் திசையை மாற்றும் ஹாஃப் வேவ் பிளேட்டை 45 பாகை திருப்பினால் வரிகள் 90 பாகை திரும்பும்.

4. சோதித்தல்

மாதிரியை வெள்ளை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் ஓடினால் வரிகள் வந்துவிட்டன. இருந்த இடத்திலேயே 90 பாகை சுழற்றினால் அந்த நிறம் மறைய வேண்டும். எப்படித் திருப்பினாலும் அதே மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் அது ஆக்சைடு. பல்ஸ்கள் நெருங்கி விழுந்து வெப்பம் சேர்ந்திருக்கிறது. வினாடிக்கான பல்ஸ் எண்ணிக்கையையும் வேகத்தையும் சேர்த்தே குறையுங்கள்.

கருத்துப்போனால் ஆற்றலோ பல்ஸ் எண்ணிக்கையோ அதிகம். நுண்வரிகளை விழுங்கிப் பெரிய பள்ளங்கள் எழுந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் வரி வந்தால் மாதிரி சாய்ந்திருக்கிறது. ஃபோகஸுக்கு மேலும் கீழும் அரை மி.மீ.தான் இடம். கோட்டு முனைகளில் மட்டும் ஆழக் குழி விழுந்தால், கால்வோ கண்ணாடி வேகம் குறைந்து திரும்பும்போதும் லேசர் எரிகிறது. முனையைத் தாண்டிப் போய்த் திரும்பும்படி அமைத்து, அந்த நேரத்தில் பல்ஸை நிறுத்துங்கள்.

நீர் ஒட்டுகிறதா என்று பார்ப்பவர்கள் செய்த தேதியைக் குறித்து வையுங்கள். புதிய பரப்பில் நீர் பரவும். காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் படியப் படிய, சில வாரங்களில் அதே பரப்பு நீரை விலக்கத் தொடங்கும்.