தெருவேல் மலைகளில் கிராவல் சைக்கிள்: புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

கிழக்கு ஸ்பெயினில் தெருவேல், குவென்கா, குவாதலஹாரா ஆகிய மூன்று மாகாணங்கள் சந்திக்கும் மலைப்பகுதிக்கு, சரளைப் பாதையிலும் ஓடும் அகன்ற டயர் கொண்ட கிராவல் சைக்கிளோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தெருவேல் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் ‘மொந்தான்யாஸ் வாசியாஸ்’ என்னும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சுற்றுப்பாதை அதற்கு ஒரு முக்கியக் காரணம். பைன் காடுகள், 2,000 மீட்டரைத் தொடும் மலைமுதுகுகள், வாகனமே காணாத வனச் சாலைகள் என்று மனத்தை மயக்கும் நிலம் இது. தெருவேல் மாகாணத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்தான் வசிக்கிறார்கள். அல்பராசின் மலைப் பக்கம் இன்னும் குறைவு.

புதியவர்களோடு இங்கே ஓட்டும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். ஹெல்மெட் போடுங்கள், பஞ்சர் ஒட்டப் பழகுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இந்த நிலத்துக்கே உரிய தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஈரக் களிமண்ணில் மிதித்துக்கொண்டே போவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பணம், விடுமுறை, பயணம் மூன்றையும் ஒரே நிமிடத்தில் பறித்துவிடும் தவறு இது. தவிர்ப்பதோ மிக எளிது.

மழை நின்று வெயில் வந்ததும் பாதை காய்ந்துவிட்டது என்று எண்ணி இறங்குகிறார்கள். முதல் பத்து மீட்டர் ஒன்றும் ஆகாது. பிறகு டயரில் மண் ஒட்டத் தொடங்கும். கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: ஒட்டிய மண் உதிராது, மேலும் மண்ணை இழுத்துக்கொள்ளும். அதோடு பைன் ஊசிகளும் பொடிக்கற்களும் சேரும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி அடைபடும். சக்கரம் இறுகும். இந்த இடத்தில்தான் புதியவர் இன்னும் அழுத்தி மிதிக்கிறார். மண் செயினோடு சேர்ந்து பின்பக்கக் கியர் மாற்றிக்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. செயின் நகர வழியில்லை, கால் விசையோ நிற்கவில்லை. கியர் மாற்றி மேலே இழுபட்டு ஸ்போக்குகளுக்குள் போகிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் ஹேங்கர் முறியும் சத்தம். கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சிறு அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். ஃபிரேம் உடையாமல் இருக்க, தான் உடைய வேண்டும் என்றே மென்மையாகச் செய்யப்பட்டது. ஆகவே அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம். 2019-இல் ஸ்ராம் நிறுவனம் பொதுவான ஒரு ஹேங்கரைக் கொண்டுவந்த பிறகு புதிய சைக்கிள்கள் பலவற்றில் அது வந்துவிட்டது. பழைய சைக்கிள் வைத்திருப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

என்னோடு வந்த நண்பர் ஒருவருக்கு மே மாதத்தில் இப்படி நேர்ந்தது. தெருவேல் பள்ளத்தாக்கின் கோதுமை வயல்களுக்கு நடுவே, முந்தின நாள் மாலை இடிமழை பெய்த பாதை. “இறங்கிவிடுங்கள்” என்று பின்னாலிருந்து கத்தினேன். “இந்த ஒரு மேடுதான்” என்றார். மேட்டின் பாதியில் ஹேங்கர் போனது, கியர் மாற்றி வளைந்தது, இரண்டு ஸ்போக்குகளும் போயின. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம்வரை சைக்கிளைத் தோளில் சுமந்தோம். டாக்சிக்குக் கொடுத்த பணம் அன்றிரவு அறை வாடகையைவிட அதிகம். கடையில் அவருடைய ஹேங்கர் இல்லை. வரவழைத்தால் அடுத்த வாரம் வரும் என்றார்கள். அவருக்கு அடுத்த வாரம் அலுவலகம். பல மாதங்கள் திட்டமிட்ட பயணம் ஒரு மேட்டுக்காகப் போய்விட்டது.

எந்த மண் ஒட்டும் என்பதைப் போகும் முன்பே அறியலாம். அல்பராசினுக்குத் தெற்கே உள்ள பினாரேஸ் தே ரொதேனோ காடு செந்நிற மணற்கல்லின் மேல் நிற்கிறது. பிசின் தரும் பைன் மரங்கள், சிவந்த மணல். மழை பெய்த சற்று நேரத்திலேயே தண்ணீர் கீழே இறங்கிவிடும். கவலையின்றி ஓட்டலாம். மேலே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆபத்து கீழே இருக்கிறது: தெருவேல் நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கின் செங்களிமண், மலைச்சரிவுகளில் ஆங்காங்கே வெளிப்படும் ஜிப்சம் கலந்த களிமண். மணற்கல்லும் சிவப்பு, களிமண்ணும் சிவப்பு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதையோரம் உழுத வயல் இருந்தால் சந்தேகப்படுங்கள். விரலில் கொஞ்சம் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் களிமண், உதிர்ந்தால் மணல்.

ஒட்டத் தொடங்கியதுமே இறங்குங்கள். பாதையில் தள்ளிக்கொண்டும் போகாதீர்கள், தள்ளினாலும் சக்கரம் மண்ணை இழுக்கும். ஓரத்துப் புல்மேல் நடங்கள், புல் இல்லையென்றால் தூக்குங்கள். டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலால் இடைவெளிகளைச் சுரண்டி எடுங்கள். குடிநீரை ஊற்றிக் கழுவாதீர்கள். வெயிலும் காற்றும் இருந்தால் சில மணி நேரத்தில் மேற்பரப்பு இறுகிவிடும். காத்திருக்க முடியாதென்றால் தார்ச்சாலைக்குப் போங்கள். தெருவேலிலிருந்து அல்பராசின் வழியாக ஒரிவேலா தெல் திரெமெதால் வரை போகும் ஏ-1512 சாலையில் போக்குவரத்து மிகக் குறைவு, ஆற்றங்கரைக் காட்சியும் அழகு. சரளையில் ஓட்ட வந்துவிட்டுத் தார்ச்சாலையா என்று வெட்கப்படுகிறவர்கள்தான் ஹேங்கரை முறிக்கிறார்கள்.

குளிர்காலத்தில் இன்னொரு பொறி உண்டு. காலையில் உறைந்து கல்லாக இருக்கும் பாதை முற்பகல் வெயிலில் கூழாகிவிடும். போகும்போது பறந்த அதே பாதையில் திரும்பும்போது சிக்கிக்கொள்வீர்கள்.

ஃபிரேம் 45 மில்லிமீட்டர் டயர் ஏற்கும் என்றால் 40 போடுங்கள். உங்கள் ஃபிரேமுக்கு உரிய ஹேங்கர் ஒன்றை வாங்கி இருக்கைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சில கிராம் எடைதான்.

வரைபடத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்துச் சாப்பாட்டைக் கணக்கிடுவது

ஊர் இருக்கும், கடை இருக்காது. கடை இருந்தாலும் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை திறக்காது. சாப்பாடும் கிடைக்கும் ஊரின் ஒரே பார் வாரத்தில் ஒருநாள் விடுமுறை விடும், அது எந்த நாள் என்பது அந்த ஊராருக்குத்தான் தெரியும். ரொட்டி வேன் வந்துபோகும் ஊர்களில் காலையிலேயே வாங்கியிருக்க வேண்டும். முந்தின நாள் மாலை அடுத்த ஊரின் பாருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிடுங்கள். அதோடு ஒரு முழு வேளைக்கான உணவு எப்போதும் பையில் இருக்கட்டும். நாலைந்து இனிப்புப் பட்டைகளை நான் உணவாகக் கணக்கிடுவதில்லை.

தண்ணீரும் அப்படியே. தாஹோ, ஹூகார், துரியா, கப்ரியேல் ஆகிய நான்கு நதிகளும் பிறப்பது இந்த மோந்தெஸ் உனிவெர்சாலெஸ் மலைகளில்தான். அதை எங்கோ படித்துவிட்டு, வழியெல்லாம் ஓடை இருக்கும் என்று ஒற்றைப் போத்தலோடு வருகிறார்கள். சுண்ணாம்புக்கல் மழைநீரை உள்ளே இழுத்துவிடும். மேட்டுநிலத்தில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒரு சொட்டு தென்படாது. கோடையில் மூன்று லிட்டர் கொள்ளளவு வேண்டும். கிராமத்து ஊற்றுக்குழாயில் சுத்திகரிக்கப்படாத நீர் என்று பலகை இருந்தால் வடிகட்டிக் குடியுங்கள். குடிக்கத் தகாதது என்று இருந்தால் வடிகட்டியையும் நம்ப வேண்டாம்.

ஆகஸ்ட்தானே என்று குளிருடையை விட்டுவருவது

கடற்கரை வலென்சியாவின் வெப்பத்தை மனத்தில் வைத்துப் பை கட்டுகிறார்கள். கிரியேகோஸ் கிராமம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் இரவுகளிலும் அங்கே வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். தெருவேல், காலமோச்சா, மொலினா தே அரகோன் மூன்றையும் சேர்த்துக் குளிர் முக்கோணம் என்பார்கள். 1963 டிசம்பர் 17 அன்று காலமோச்சாவில் பதிவானது −30 டிகிரி. கோடைக்கும் ஒரு நீளக்கைச் சட்டை, காற்றுத் தடுப்பு மேலாடை, மெல்லிய கையுறை வேண்டும். நீண்ட இறக்கத்தில் விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

பிற்பகலில் மலைமுதுகில் நிற்பது

கோடை இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கட்டும். கூதார், ஹவலாம்ப்ரே உச்சிகளை முற்பகலிலேயே கடந்துவிடுங்கள். ஹவலாம்ப்ரே உச்சியில் தரையோடு படர்ந்த ஜூனிப்பர் புதர்களைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே மின்னலுக்கு உயரமான பொருள் நீங்கள்தான்.

காட்டில் அடுப்பு மூட்டுவது

கூடாது. 2005 ஜூலையில் குவாதலஹாரா மாகாணத்தின் ரீபா தே சாயெலிசெஸ் அருகே இறைச்சி சுட மூட்டிய நெருப்பிலிருந்து காட்டுத்தீ பரவியது. அதை அணைக்கப் போனவர்களில் 11 பேர் இறந்தார்கள். கோடைக்காலத் தடைகள் கடுமையாக இருப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். ஒரு காபிக்காக அந்த மக்களின் கண்முன் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

மந்தைக்குள் வேகமாகப் புகுவது

இந்த மலைகளில் இடையர் வாழ்வு இன்னும் உயிரோடு இருக்கிறது. குவாதலவியார் பக்கத்து மந்தைகள் சில இன்றும் குளிர்காலத்துக்கு நடந்தே தெற்கே ஹயேன் மாகாணம் வரை போய்க் கோடையில் திரும்புகின்றன. காவலுக்கு மாஸ்டின் நாய்கள் இருக்கும். அவை மிகப் பெரியவை, கடமையில் கண்ணானவை. தூரத்திலேயே இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் போங்கள். ஓட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். வழியில் நீங்கள் திறந்த வேலிக்கதவை மூடிவிட்டுப் போங்கள்.

கால்நடைத் தடுப்புக் கம்பிகளைச் சாய்வாகக் கடப்பது

கால்நடை தாண்டாமல் இருக்கப் பாதையின் குறுக்கே தரையில் பதித்த கம்பிகள் இவை. நேராகக் கடங்கள். ஈரமாக இருந்தால் இறங்கி நடங்கள்.

குளிர்காலக் கடைசியில் பைன் மரத்தடியில் படுப்பது

கிளைகளில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவது ஊர்வலப் புழுக்களின் கூடு. வரிசையாகத் தரைக்கு இறங்கும் அந்தப் புழுக்களின் ரோமம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கூடு இல்லாத இடமாகப் பாருங்கள்.

வேட்டைப் பலகையைத் தாண்டிப் போவது

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வாரயிறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பாதையின் குறுக்கே ‘பதீதா’ என்று பலகை வைத்திருந்தால் உள்ளே துப்பாக்கிகள் இருக்கின்றன. வாயிலில் நிற்பவரிடம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். பெரும்பாலும் சுற்றுவழியையும் அவரே சொல்லிவிடுவார்.