வளரும் பூனைக்குட்டிக்குக் கட்டுப்படியாகும் சாப்பாடு

தெருவிலிருந்து வந்த குட்டியாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பூனை போட்டதாக இருந்தாலும் சரி, நம் வீடுகளில் அதற்கு முதலில் கிடைப்பது பால்சோறு. அப்புறம் மீன் தலை. கோழிக்கடைக்குப் போகிற அன்று கொஞ்சம் ஈரல். மூன்றும் மலிவு, மூன்றையும் குட்டி ஆசையாகத் தின்னும், ஆனால் இதில் எதை நம்பியும் ஒரு குட்டியை ஆளாக்க முடியாது. குட்டிகளுக்கென்றே பாக்கெட்டில் வரும் கிட்டன் ஃபுட்டை அடிப்படையாக வைத்து, வேகவைத்த கறி, மீன், முட்டையைத் தொட்டுக்கொள்ளத் தருவதுதான் குறைந்த செலவில் சரியாக அமைகிற ஏற்பாடு. முழுக்க வீட்டுச் சமையல்தான் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் சரியாகச் செய்தால் செலவு கூடும், தப்பாகச் செய்தால் அந்தச் செலவு டாக்டரிடம் போகும்.

பூனை கறி தின்றே வாழப் பிறந்த பிராணி. டாரின் என்ற சத்தை நாயின் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும், பூனைக்குத் தேவையான அளவு அப்படிக் கிடைக்காது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். மாதக்கணக்கில் அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இந்த இதய நோய்க்குக் காரணம் டாரின் குறைவு என்று 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகுதான் கம்பெனிகள் பூனை உணவில் அதன் அளவைக் கூட்டின. காரட், பூசணியின் மஞ்சள் சத்தை வைட்டமின் ஏ-யாக மாற்றவும் பூனையால் முடியாது. 100 கிராம் சோற்றில் புரதம் 3 கிராம்கூட இல்லை. பாலைப் பொறுத்தவரை, தாய்ப்பால் மறந்த குட்டிக்கு அதைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே போகும். அரைக் கிலோ எடையுள்ள குட்டிக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் நீரே மிஞ்சாது.

நாய் உணவை நனைத்துப் போடுவதும் இதே கணக்கில் வரும். விலை குறைவுதான், ஆனால் பூனைக்கு வேண்டிய புரதமும் இருக்காது, டாரினும் போதிய அளவு இருக்காது.

பாக்கெட்டை எப்படிப் பார்ப்பது

முன்பக்கத்து மீன் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். ‘கிட்டன்’ என்றோ, ‘எல்லா வயதுக்கும்’ என்றோ எழுதியிருக்க வேண்டும். ‘அடல்ட்’ (வளர்ந்த பூனைக்கு) என்று மட்டும் இருந்தால் வேண்டாம். ஈரம் நீக்கிய கணக்கில், அதாவது உணவிலுள்ள தண்ணீரைக் கழித்துப் பார்த்தால், வளரும் குட்டிக்குப் புரதம் குறைந்தது 30 சதவீதம், கொழுப்பு 9 சதவீதம், கால்சியம் 1 சதவீதம், டாரின் (உலர்ந்த ட்ரை ஃபுட்டில்) 0.1 சதவீதம் இருக்க வேண்டும் என்பது, பிராணி உணவுக்கு அளவு வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் அளவுகோல். இது அடித்தட்டு அளவு. புரதம் 32-க்கு மேலும் கொழுப்பு 12-க்கு மேலும் இருக்கும் பாக்கெட்டாகத் தேடினால் நல்லது. டாரின் சேர்த்த தகவலே எங்கும் இல்லாத பாக்கெட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் வைத்துவிடுங்கள்.

ஈரமாக வரும் வெட் ஃபுட்டில் புரதம் 10 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அதில் 80 சதவீதம் தண்ணீர். மீதி 20-இல் 10 புரதம் என்றால் ஈரம் நீக்கிய கணக்கில் 50 சதவீதம். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10, புரதம் 34 என்றால் இதே கணக்கில் 38-க்குக் கொஞ்சம் குறைவு. எந்த இரண்டு பாக்கெட்டையும் இப்படிக் கணக்குப் போட்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

சேர்மானப் பட்டியலில் எடை கூடியது முதலில் வரும். மலிவான பாக்கெட்டுகளில் சோளமோ அரிசியோ கோதுமையோ முதலில் நிற்கும். கோழியோ மீனோ முதலில் வந்தால் மேல். ஆனால் அதற்காக மலைக்க வேண்டாம். சோளம் முதலில் இருந்தாலும் டாரினும் கால்சியமும் சரியான அளவில் சேர்த்த சாதாரண கிட்டன் ஃபுட், வெறும் கோழிக்கறியைவிடக் குட்டிக்கு நல்லது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் விஸ்காஸ், மீ-ஓ, ட்ரூல்ஸ் போன்ற பெயர்களில் கிட்டன் வகையைக் கேட்டு வாங்கினாலே போதும்.

விலையை ஒப்பிடும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 1.2 கிலோ ட்ரை ஃபுட் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதக் குட்டிக்கு நாளைக்கு 65 கிராம் வேண்டும், ஏறக்குறைய 25 ரூபாய். அதே குட்டியை 85 கிராம் வெட் ஃபுட் பவுச்சிலேயே வளர்த்தால் நாளைக்கு நான்கு பவுச், ஒன்று 45 ரூபாய் என்றால் 180 ரூபாய். பவுச்சை வாரத்தில் ஓரிரு நாள் தண்ணீர்ச் சத்துக்காகத் தரலாம், அதுவே தினச் சாப்பாடானால் பல வீடுகளுக்குத் தாங்காது.

சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து நூறு, இருநூறு கிராமாக நிறுத்துத் தருவார்கள். மலிவாகத் தெரியும். ஆனால் திறந்த மூட்டையில் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அது எந்த வயதுக்கானது என்பதும் தெரியாது. மூடிய சின்னப் பாக்கெட்டை வாங்கி, வாயை இறுக்கிக் கட்டி, அதே பையோடு எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் தீர வேண்டும். எறும்புக்கு, கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தால் போதும். எறும்புப் பொடி பக்கத்திலேயே வரக்கூடாது.

எவ்வளவு, எத்தனை வேளை

ட்ரை ஃபுட் 100 கிராமில் பெரும்பாலும் 370 முதல் 400 கலோரி இருக்கும். அந்தக் கணக்கில் இரண்டு மாதக் குட்டிக்கு, எடை 800, 900 கிராம் என்றால், நாளைக்கு 40 முதல் 45 கிராம். நான்கு மாதத்தில் 60 முதல் 65. ஆறு மாதத்தில் 65 முதல் 70, அதற்குப் பிறகு அளவு பெரிதாக ஏறாது. நான்கு மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. குட்டியின் வயிறு சின்னது, ஒரே வேளையில் நிறைய வைத்தால் வாந்தி எடுக்கும் அல்லது இளகப் போகும்.

சரியாகச் சேர்கிறதா என்று பார்க்கச் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். வாரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன், கிண்ணத்தில் உட்காரவைத்து நிறுங்கள். வாரம் 100 கிராம் ஏறினால் நன்றாக வளர்கிறது. நன்றாகத் தின்றும் எடை ஏறாமல், வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தால் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள், பூச்சி மருந்து கேளுங்கள். உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வரும், அதனால் வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்கும் இருக்கும்.

வீட்டில் வேகவைப்பது

நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு வரை கறி, மீன், முட்டை எதையும் பெரிதாகக் கணக்குப் பார்க்காமல் தரலாம். நான்கு மாதக் குட்டிக்கு அது உதிர்த்த கோழிக்கறி ஒரு மேசைக்கரண்டி, அல்லது கால் முட்டை. அந்த அளவுக்கு ட்ரை ஃபுட்டைக் குறைத்துவிடுங்கள்.

கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி மேல், இதயம் அதைவிட மேல். ஈரலோடு சேர்ந்து வருகிற அந்தச் சின்ன இதயங்களைத் தனியாகப் பொறுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், டாரின் அதில்தான் அதிகம். உப்பு, மசாலா எதுவும் போடாமல், மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் கறியோடு சேர்த்தே கொடுங்கள். டாரின் நீரில் கரையும், வடித்துக் கொட்டினால் பாதிச் சத்து சாக்கடைக்குப் போகும். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதைத் தொடவே விடாதீர்கள்.

ஈரல் வாரம் ஒருமுறை, ஒரு டீஸ்பூன். குட்டி அதற்காக அழும், கொடுத்தால் வேறெதையும் தொடாது. தினமும் ஈரல் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஏ மிதமிஞ்சிச் சேர்ந்து கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு தலையைத் திருப்பித் தன்னை நக்கிக்கொள்ளக்கூட முடியாது.

முட்டை வெந்ததாக இருக்கட்டும். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற சத்தை உறிஞ்சவிடாது. ஓட்டை எறியாதீர்கள், அதன் உபயோகம் கீழே வருகிறது.

மீன்தான் அதிகம் தப்பு நடக்கிற இடம். மத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் மலிவாகக் கிடைக்கும், மீன்காரம்மா குடலையும் தலையையும் சும்மாவே தருவார். பச்சை மீனில், முக்கியமாகக் குடலில், பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கும். அதையே தின்று வளரும் குட்டி கொஞ்ச நாளில் சாப்பாட்டை வெறுக்கும், பிறகு தலை மார்பை நோக்கிக் குனிந்துபோகும், கண்மணி விரியும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். இன்னொன்று எண்ணெய். மத்தி போன்ற எண்ணெய் மீனே தினச் சாப்பாடானால் வைட்டமின் ஈ தீர்ந்து, தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி, தொட்டாலே குட்டி வலியில் கத்தும். அதனால் வாரம் இரண்டு நாள், அரை மத்தி. தலை, குடல் நீக்கிக் குக்கரில் சிறுதீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். நடுமுள்ளை எடுத்து விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அப்படி வெந்த முள்ளோடு பிசைந்து கொடுத்தால் கால்சியமும் சேரும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், கழுவினால் மேலே இருப்பதுதான் போகும், ஊறினது போகாது.

சைவ வீடுகளில் தயிர்சாதமே தின்று வளர்ந்த பூனையை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அந்தப் பூனை வெளியில் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஃபிளாட்டில் அடைத்து வளர்க்கும் குட்டிக்கு அந்த வழியும் இல்லை. கறி சமைக்காத வீட்டில் கிட்டன் ஃபுட் மட்டுமே போதும், அதில் குறையொன்றுமில்லை.

வெறும் கறி ஏன் காலை முடக்குகிறது

எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. ஒன்றுக்குப் பதினைந்து, இருபது மடங்கு வித்தியாசம். வேண்டியது ஏறக்குறைய சமம். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவும். கோழிக்கறி மட்டுமே தின்ற குட்டி சில வாரங்களில் குதிக்கத் தயங்கும், நொண்டும், தூக்கினால் கத்தும், கட்டிலிலிருந்து குதித்தே காலை முறித்துக்கொள்ளும். இடுப்பெலும்பு ஒடுங்கிவிட்டால் வாழ்நாள் முழுக்க மலச்சிக்கல். செல்லமாக, காசு பார்க்காமல் கறி வாங்கிப் போடும் வீட்டில்தான் இது வரும்.

பத்தில் ஒரு பங்குக்கு மேல் கறி போகிற நாட்களில் முட்டையோட்டுத் தூள் சேருங்கள். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலிக்க வேண்டும். ஒரு ஓட்டில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் வரும், அதில் 2 கிராம் கால்சியம். எலும்பில்லாத ஒரு கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன் தலைதட்டி, அதாவது 100 கிராமுக்கு ஒரு பெரிய சிட்டிகை. உரக்கடை எலும்புத்தூளை இதற்கு எடுக்காதீர்கள். கிட்டன் ஃபுட்டில் இந்தத் தூளைக் கலக்கவும் கூடாது, அதில் ஏற்கெனவே சமன் செய்திருக்கிறார்கள். கறியிலேயே முழுக்க வளர்ப்பதானால் கால்சியம் மட்டும் போதாது, டாரின், வைட்டமின் ஈ, அயோடின் எல்லாம் அளந்து சேர்க்க வேண்டும். கால்நடை மருத்துவர் எழுதித் தரும் அளவு இல்லாமல் இறங்க வேண்டாம்.

சின்னக் குட்டியும், மாற்றும்போதும்

நான்கு வாரத்துக்குக் கீழே பூனைக்குட்டிக்கான பால் பவுடர் மட்டும். குட்டியைக் குப்புறப் படுத்த நிலையில் வைத்துப் புகட்டுங்கள், மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. நான்காம் வாரம் முதல் கிட்டன் ஃபுட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கூழாக மசித்து, தட்டையான மூடியில் வையுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எட்டாம் வாரத்தில் அப்படியே கடிக்கவிடலாம். ஊறினதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், நம் ஊர் வெயிலில் புளித்துவிடும்.

ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுசாக. ட்ரை ஃபுட் தின்னும் குட்டிக்குத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து நான்கடி தள்ளி வைத்தால் அதிகம் குடிக்கும். குட்டி ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் அடுத்த நாள் வரை பொறுக்க வேண்டாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பத்து மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ‘அடல்ட்’ பாக்கெட்டுக்கு இதேபோல ஏழு நாளில் மாறலாம். அதற்கு முன்பே கருத்தடை செய்திருந்தால் பாக்கெட்டை மாற்றாமல் அளவை மட்டும் கால் பங்கு குறையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், செலவாகும் சக்தி குறையும், தராசில் அது சீக்கிரமே தெரியும்.