இருவர் ராக் குழு: பேஸ் இல்லாத மேடையில் நடக்கும் தவறுகள்

ஒரு கிடார், ஒரு டிரம்ஸ் என்று புறப்படும் புதுக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன. ட்யூன் செய்யாமல் மேடையேறுவது போன்றவற்றை இங்கே பேசவில்லை.

கனம் வேண்டி வால்யூமைக் கூட்டுவது

கிடாரின் ஆறாம் தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பேஸ் கிடாரின் தடித்த தந்தி அதில் பாதி, சுமார் 41. அந்தக் கீழ்ப் பகுதி காலியாக இருக்க, ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையரை) எவ்வளவு திருகினாலும் காதைக் கிழிக்கும் ஒலிதான் கூடும். சிக்னலை ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று கிடார் ஆம்ப்புக்கு. மற்றது, ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் ஆக்டேவ் பெடல் வழியாக பேஸ் ஆம்ப்புக்கு. லோக்கல் ஹெச் என்ற இருவர் குழுவின் ஸ்காட் லூகாஸ் தன் கிடாரிலேயே, தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் பேஸ் பிக்கப்பைப் பொருத்திக்கொண்டார். ராயல் பிளட் என்ற இருவர் குழுவில் வழி தலைகீழ்: மைக் கெர் வாசிப்பது பேஸ், மேல் ஒலியைத்தான் பெடல்கள் தருகின்றன.

ஆக்டேவ் பெடல், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் இருக்கட்டும். சுத்தமான சிக்னல் கிடைத்தால்தான் அது ஸ்வரத்தைச் சரியாகப் பிடிக்கும். ஒற்றை ஸ்வரத்துக்கான பழைய வகைப் பெடலில் கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக) அடித்தால் உளறும்.

இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை எடுப்பது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இரண்டு ஆம்ப்பையும் ஒரே கிடாரோடு இணைத்ததும் எர்த் இரு வழியாக வளையமாகி, 'ம்ம்' என்ற இரைச்சல் எழும். உடனே யாராவது ஒருவர் ஒரு பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார். இரைச்சல் நிற்கும், பாதுகாப்பும் போய்விடும். உள்ளே ஒரு வயர் நழுவினால் ஆம்ப்பின் உலோகப் பெட்டியில் ஏறும் மின்சாரம் கேபிள் வழியாகத் தந்திகளுக்கு வரும். கை தந்தியில், உதடு மைக்கில் இருக்கும்போது அது உடல் வழியே பாயும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சீ மேடையில் இறந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுத்தான்.

தீர்வு எளிது. ஒரு வெளியீட்டிலாவது, நேரடி மின்தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். இரண்டு ஆம்ப்பையும் எர்த் உள்ள ஒரே மின்பலகையில் செருகுங்கள். பிறகு, ஒரு சிக்னலைத் தலைகீழாக்கும் ஸ்ப்ளிட்டரின் ஃபேஸ் சுவிட்சை இரு பக்கமும் தள்ளி ஆறாம் தந்தியை மீட்டுங்கள். எந்தப் பக்கம் கனம் கூடுகிறதோ, அங்கே விடுங்கள்.

ஸ்பீக்கருக்கு கிடார் கேபிள்

கூடவே கூடாது. கேபிள் சூடேறி, வால்வ் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

ஓய்வில்லாத பயண அட்டவணை

ஒருவருக்குத் தொண்டை கட்டினால் நிகழ்ச்சியே இல்லை.

வெளிநாட்டு மின்சாரம்

அமெரிக்காவில் 120 வோல்ட், ஐரோப்பாவில் 230. ஆம்ப்பில் வோல்டேஜ் சுவிட்ச் இருந்தால் அதோடு ஃபியூஸையும் மாற்ற வேண்டும். 230க்குரிய ஃபியூஸின் ஆம்பியர், 120க்குரியதில் ஏறக்குறைய பாதி. இரண்டிலும் உதிரி வைத்திருங்கள்.