முரசுக்கு (பல் ஈறுக்கு) லேசர் சிகிச்சை செய்துகொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் கேட்ட கட்டணத்துக்குப் பயந்து, ஊருக்குப் போகிற வழியில் கொழும்பில் முரசுக்கு லேசர் செய்துகொண்டேன். நான்கு வாரப் பயணத்தின் தொடக்கத்திலேயே செய்தது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்த காரியம். ஒரு வாரம் கழித்து வைத்தியர் திரும்பப் பார்க்க வேண்டும். விமானம் ஏறும் தறுவாயில் செய்துகொள்ளாதீர்கள்.

கத்தியும் தையலும் இல்லாததால் வலி குறைவு. அதனாலேயே உங்களை நோயாளி என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். ஓரிரு நாள் இரத்தம் கசியும். முரசின்மேல் படியும் வெள்ளைப் படலம் சீழ் அல்ல, சுரண்டாதீர்கள். உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால் பல்லோடு முரசை ஒட்டவைக்கிற இரத்த உறைவு பிய்ந்துவிடும். மூன்று நாள் நீராகாரம், பிறகு சில வாரம் மெத்தென்ற உணவு என்று எனக்குச் சொன்னார்கள்.

நான்காம் நாள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பெரியம்மா வீடு. டின் நிறையப் பருத்தித்துறை வடை, தட்டைபோல் மொறுமொறுப்பானது, முதுகு நோக இருந்து தட்டியது. இடியப்பத்தைச் சொதியில் கரைத்துச் சாப்பிடுகிறேன் என்றேன். “கனடாக்காரனுக்கு எங்கள் பலகாரம் இனி இறங்காதோ?” என்றார். அம்மா இறந்தபின் நடந்த அந்தியேட்டிக் கிரியைக்கு வராதவன் நான். வைத்தியர் சொன்னதெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்குமா? இரண்டு வடை சாப்பிட்டேன். மொறுமொறுத்த ஓரம் ஒன்று கடைவாய் முரசில் செருகியது. துப்பினால் சிவப்பு. பெரியம்மா என்னைவிடப் பயந்து கிராம்பெண்ணெய், உமிக்கரி என்று ஓடினார். இரண்டும் வேண்டாம். சுத்தமான துணியை நனைத்து இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தேன், நின்றது. நிற்காவிட்டாலோ, வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ வைத்தியரை அழையுங்கள்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தால் வாய் கொப்பளிப்பது நாக்கின் சுவையைக் கெடுக்கும். அதன்மேல் தேநீர் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை. பனங்கட்டியை நறுக்கென்று கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கத்தான் ஊருக்கே போகிறோம் என்பது வேறு கதை.

வீக்கம் வற்றியதும் பல்லிடுக்குகள் பெரிதாகத் தெரியும். சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். வெளியே இரண்டு வாரத்தில் ஆறியதுபோல் இருந்தாலும் உள்ளே ஒட்டிக்கொள்ள மாதக்கணக்காகும்.

புறப்படும் காலை பெரியம்மா ஒரு பொதியைக் கையில் திணித்தார். மீதி வடையை உரலில் இடித்துத் தூளாக்கியிருந்தார்.