டாக்வுட் நடப் போகிறீர்களா? முதலில் இடத்தைப் பாருங்கள்

ஏப்ரலில் வர்ஜீனியாவில் தெருவுக்குத் தெரு டாக்வுட் பூத்து நிற்கும். பார்த்த ஆசையில் கன்றை வாங்கிவந்து புல்வெளிக்கு நட்டநடுவில், உச்சி வெயிலில் நட்டுவிடுகிறார்கள். பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பம். கிழக்கு அமெரிக்கக் காடுகளில் ஓக் போன்ற பெரிய மரங்களின் அடியில் வளரும் சிறு மரம் இது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம்தான் சரி. எங்கள் மரம் வீட்டின் கிழக்குப் பக்கம் நிற்கிறது. மதியத்துக்கு மேல் சுவரின் நிழல் அதன்மேல் விழும். முழு நிழலும் வேண்டாம், பூ குறைந்துவிடும்.

மண் லேசான அமிலத்தன்மையோடு, பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது.

குழியை வேர்க்கட்டியைப் போல (வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டை) இரண்டு, மூன்று மடங்கு அகலமாக வெட்டுங்கள். ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டின் அடி விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் அது புதைந்தே கிடக்கும். மேல் மண்ணை விரலால் சுரண்டி, அதைக் கண்டுபிடித்த பிறகு நடுங்கள்.

வேர்கள் மேலாகவே ஓடுவதால் கோடையில் சீக்கிரம் வாடும். முதல் இரண்டு, மூன்று வருடம் மழையில்லாத வாரங்களில் ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். சுற்றிலும் 2, 3 அங்குலத்துக்கு பைன் பட்டைத் தூள் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் கையகலம் இடைவெளி இருக்கட்டும். புல் வெட்டும் மெஷின் தண்டுக்கு அருகே வராமல் தடுப்பதும் இந்த வட்டம்தான். மெஷின் உரசிப் பட்டை கிழிந்தால் துளைப்பான் புழு அந்தக் காயம் வழியாகத்தான் உள்ளே போகும். மரத்தைக் கொல்வதில் பூஞ்சைக்குச் சளைத்ததல்ல இந்த மெஷின், என்னைக் கேட்டால்.

பூஞ்சை என்றதும் ரகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோய் 1970களின் பிற்பகுதியிலிருந்து காட்டு டாக்வுட் மரங்களையே ஏராளமாக அழித்திருக்கிறது. அதைத் தாங்க 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'. இலையில் மாவு பூத்தாற்போல வரும் சாம்பல் நோயைத் தாங்க 'அப்பலாச்சியன் ஜாய்'. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் சாம்பல் நோய்க்குக் கொண்டாட்டம். முதல் வருடம் உரமே வேண்டாம்.

அப்புறம் கத்தரிப்பு. அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளைக் கோடையிலேயே கட்டிவிடும் மரம் இது. இலை உதிர்ந்த பின் கிளை நுனியைப் பாருங்கள்: குட்டி வெங்காயம்போல உருண்டிருப்பது பூ மொட்டு, ஒல்லியாகக் கூராக இருப்பது இலை மொட்டு. வெட்டியே ஆக வேண்டுமென்றால் பூ முடிந்த கையோடு வெட்டிவிடுங்கள். காய்ந்த கிளையை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.