இமெல்டா மார்கோஸ் வேஷம் போடுவது எப்படி?

வினோத உடைப் போட்டிக்கு, சப்பாத்துக் குவியலுக்குப் பேர்போன, பிலிப்பைன்ஸ் முன்னாள் ஜனாதிபதி மார்கோஸின் மனைவி இமெல்டாவாகப் போகிறீர்களா? சரி, சப்பாத்தை விடுங்கள், எல்லோரும் அதைத்தான் பிடிப்பார்கள். அவருடைய அடையாளம் தோளுக்கு மேல் வண்ணத்துப்பூச்சி இறகுபோல விறைத்து நிற்கும் சட்டைக் கை. புறக்கோட்டையில் ஓர்கன்சா துணி வாங்கி, கொலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியையும் உள்ளே கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள், தொய்ந்தால் கதை முடிந்தது. கொண்டை உயரமாக இருக்கட்டும். அப்புறம் முகம்: குற்ற உணர்ச்சி துளியும் வேண்டாம். 1986இல் குடும்பத்தோடு தப்பி ஓடியபோது மலாக்கனாங் ஜனாதிபதி மாளிகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோடிச் சப்பாத்துகளை விட்டுப் போனவர், 2001இல் பிலிப்பைன்ஸின் மரிக்கினா நகரில் சப்பாத்து அருங்காட்சியகத்தைத் தானே போய்த் திறந்துவைத்தார் (என்ன துணிச்சல்!). த்ரீவீலரில் சட்டைக் கை நசுங்கும், மண்டபத்தில் போய் உடுத்துங்கள்.