கதவின் பின்னால் தொங்கிய பைகள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும், எங்கள் சமையலறைக் கதவின் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட கேரி பேக்குகள் திணிக்கப்பட்டுத் தொங்கின. துணிப்பைகள் இருந்தன, ஆனால் வேலை முடிந்து வரும் வழியிலேயே காய்கறி வாங்குவதால், தேவைப்படும் நேரத்தில் அவை வீட்டில் இருந்தன என்பதே சிக்கல்.

ஆகவே மஞ்சப்பையை வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே மாட்டத் தொடங்கினேன். சாவியை எடுக்கும் கை பையையும் எடுத்துவிடும். பச்சை மிளகாய், இஞ்சி, பீன்ஸ் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்குவதற்காக, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, வாயில் நாடா கோத்த ஆறு சுருக்குப்பைகளை அம்மா தைத்துக் கொடுத்தார். அவற்றுக்கு எடையே இல்லை என்பதால் தராசில் வைக்க எந்தக் கடைக்காரரும் தயங்கவில்லை. மீனுக்கும் தோசை மாவுக்கும் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு.

ஒன்றில் மட்டும் ஏமாந்தேன். துணிபோலத் தோன்றும் நெய்யாத பைகளைச் சில காலம் நம்பி வாங்கினேன். அவையும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே, நம் மாநிலத் தடைப் பட்டியலில் உள்ளவையே. மொட்டைமாடி வெயிலில் கிடந்த ஒன்று விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தபோதுதான் அதை உணர்ந்தேன். கூட்டி அள்ள முடியாத அந்தப் பொடி இன்றும் மனத்தை உறுத்துகிறது.

சேர்ந்திருந்த பைகளைக் கழுவி, கொடியில் கவிழ்த்து உலர்த்தி, கிழியாதவற்றை மீண்டும் பயன்படுத்த எடுத்துக்கொண்டு, மற்றவற்றை உலர் குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தேன். எண்ணெயும் குழம்பும் ஒட்டிய பை மறுசுழற்சிக்கு எளிதில் உதவாது என்பதால், கழுவுவதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.